குருவம்மாளின் தூக்கத்துக்கு ஒரு டப்பா

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்மேல் வெள்ளாடு ஒன்று முதுகைத் தேய்த்தது. உடனே வண்டி ஊரைக் கூட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டது. திருட்டு அலாரம் என்று அப்போதுதான் புதுசாக வந்திருந்த சமாச்சாரம். வண்டிக்காரர் டீக்கடையிலிருந்து கடித்த வடையும் கையுமாக ஓடி வந்தார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், பங்குனி வெயில். நான் என் கடையில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நின்ற பெண் சிரிக்கவில்லை. ஆட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, தொட்டாக் கத்துற மாதிரி என் துணிப்பைக்கு ஒண்ணு செஞ்சு தருவீகளா?”

என் பெயர் சுந்தரபாண்டி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை. பிறகு டி.வி. வந்தது, அதுவும் பார்த்தேன். செல்போன் வந்தது, அதையும் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன். வேலை நேரத்தில் யாராவது விளையாட்டாக எதையாவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று வரும். “பைக்குள்ள என்ன நகையா வச்சிருக்கே?” என்று கேட்டேன்.

“கம்பெனிக் கார்டு இருக்கு. ரெண்டு சேலை இருக்கு. தூக்குச்சட்டி இருக்கு.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான் இருக்கு அண்ணாச்சி. வேற எங்கேயும் எதுவும் இல்ல.”

முகம் தெரிந்தவள்தான். பெயர் குருவம்மாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். காலையில் நான் கடை திறக்கும் முன்பே போய்விடுவாள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்குவாள். விரல் நுனிகளில் காகிதச் சாயம் சிவப்பாக ஏறியிருக்கும். கூட இறங்கும் பெண்களெல்லாம் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போவார்கள். இவள் மட்டும் யாரையோ பஸ் ஏற்றிவிட வந்தவள் மாதிரி அங்கேயே நிற்பாள். நாலு வருஷமாகத் தினமும் யாரைத்தான் ஏற்றிவிடுகிறாள் என்று நான் ஒரு நாளும் யோசித்தது கிடையாது. ஊருக்கே நாலு கண் வைத்துக் குற்றம் சொல்கிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை.

அவள் அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கடைசித் தூணை ஒட்டி.

அச்சங்குளத்தில் அவளுக்கு ஒரு மண்சுவர் வீடு இருந்தது. புருஷன் மாரிக்கண்ணன் வேலைக்கென்று திருப்பூர் போனான், போனவன் போனவன்தான். பிள்ளை கிடையாது. ஓர் ஐப்பசி மழையில் வீட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது. மல்லாங்கிணற்றில் அண்ணன் வீட்டில் போய் இரண்டு மாதம் இருந்தாள். அண்ணி வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். மானமுள்ளவளுக்கு அது போதாதா? கிளம்பி வந்துவிட்டாள். வேன் எப்படியும் பஸ் ஸ்டாண்டில்தான் வந்து ஆள் ஏற்றுகிறது, அங்கேயே படுத்துக்கொண்டால் வண்டி தப்பாது என்று கணக்குப் போட்டாளாம். நாலைந்து நாளைக்கு என்று நினைத்தது நாலு வருஷமாகிவிட்டது.

“கொசு பழகிருச்சு அண்ணாச்சி. ரெண்டு மணி மதுரைக்கார வண்டி ஹாரனும் பழகிருச்சு. போலீஸ்காரர் வந்து தட்டி எழுப்புவாரு, எந்திரிச்சு நின்னுட்டு அவரு போனதும் திரும்பப் படுத்துக்கிடுவேன். பைதான் பழகலை.”

பை இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டாவது தடவை கம்பெனி கார்டும் அதோடு போனது. கார்டு இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்; புதுக் கார்டு வாங்க ஆறு நாள் அலைந்தாள். அதிலிருந்து பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டு, பையைத் தலைக்கு வைத்து, ஒரு கண்ணை மூடினால் இன்னொரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் யார் செருப்பு உரசினாலும் விழிப்பு. அப்படித் தூங்குகிறவள் பகலில் செய்த வேலை, சரவெடி பின்னுவது. ஒவ்வொரு வெடியின் திரியையும் நடு நூலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். தலை தொங்கி, கை தவறி, திரியை வெடுக்கென்று இழுத்தால் உரசும். உரசினால் அந்த ரூமில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். போர்மேன் சங்கையா அவள் தூங்கி விழுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் முதல் தடவையே நிறுத்தியிருப்பேன்.

“வருசத்துல ஒரு வாரம் மட்டும் நல்லாத் தூங்குவேன்” என்று அவளே சொன்னாள். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்து வரும் கூட்டம் சாத்தூர் வந்ததும் கண்ட இடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடும். ரோட்டோரம், கடை வாசல், பஸ் ஸ்டாண்டு எங்கும் ஆள் கிடக்கும். அப்போது போலீஸ்காரர்கள் யாரையும் தட்டி எழுப்ப மாட்டார்கள், காவலுக்கு நிற்பார்கள். மஞ்சள் சேலைகளுக்கு நடுவில் இவளும் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்வாள். அந்த ஒரு வாரம் அவள் பக்தை. மற்ற நாளெல்லாம் சந்தேகப்பட வேண்டிய ஆள். எனக்கு இதைக் கேட்டதும் யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. ரேடியோவை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு வாயிலும் பித்தளைத் தலை வைத்த போர்டு பின் ஒவ்வொன்றைக் குத்தினேன். இரண்டிலும் ஒயர். வாய்க்கு நடுவில் சுரண்டி முடித்த ரீசார்ஜ் கார்டில் நறுக்கிய ஒரு துண்டு. அந்தத் துண்டில் நூல், நூலின் மறுமுனை பையின் காதில். யாராவது பையை இழுத்தால் துண்டு உருவிக்கொண்டு வரும், பித்தளையும் பித்தளையும் ஒட்டும், பழைய அலாரக் கடிகாரத்திலிருந்து கழற்றிய பஸ்ஸர் கத்தும். இரண்டு பேட்டரியையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்தேன். யோசனை முழுக்க அவளுடையது. பிறகு நாலு பேரிடம் நான்தான் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்டது வேறு விஷயம்.

முதல் நாள் ராத்திரி அது நாலு தடவை கத்தியதாம். அவள் புரண்டு படுத்ததில் நாலு தடவையும் அவளே இழுத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த கொத்தனார்கள் அவளை மட்டுமல்லாமல் டப்பா செய்த என்னையும் சேர்த்துத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“உங்க வீட்டுப் பொம்பளைகளைப் பத்தியும் பேசிட்டாங்க அண்ணாச்சி. கொஞ்சம் நூலை விட்டுத் தாங்க.”

நூலை நீளமாக்கினேன். டப்பாவைத் தலைமாட்டிலும் பையைத் தூணுக்கும் முதுகுக்கும் நடுவிலும் வைக்கச் சொன்னேன். நான் எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே படுக்கிறவன். அங்கே என்ன நடந்தது என்பதெல்லாம் அவளும் மற்றவர்களும் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். மூன்று மாதத்தில் அந்த டப்பா பிடித்த ஒரே திருடன் ஒரு நாய். தூக்குச்சட்டியில் ஒட்டியிருந்த கருவாட்டு வாசனைக்கு வந்து பையைக் கவ்வியிருக்கிறது. அலறல் கேட்டு ஓடிய நாய் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கமே வரவில்லை. திருடன் வரவில்லை என்பது இங்கே முக்கியமில்லை. வந்தால் டப்பா சொல்லும் என்ற நினைப்பில் அவள் இரண்டு கண்ணையும் மூடினாள்.

ஒரு நாள் வேனிலிருந்து இறங்கியதும் நேரே கடைக்கு வந்தாள். “ராத்திரி கனவு வந்துச்சு அண்ணாச்சி” என்றாள். கனவு காண்கிற அளவுக்குத் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம்.

“என்ன கனவு?”

“இந்த பஸ் ஸ்டாண்டுதான் வந்துச்சு.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு நான் ரேடியோவைத் தட்டுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் முகம் மாறியது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறைந்தது. கம்பெனியில் பின்னுவதிலும் வேகம் கூடியிருக்கிறது. போர்மேன் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அங்கே பாராட்டு. பூ விற்கிற சின்னத்தாய் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தாள். திட்டிய கொத்தனார்களும் வந்தார்கள். ஆவணி முடிவதற்குள் ஏழு சோப்பு டப்பா செய்துவிட்டேன். தூங்க இடமில்லாத ஏழு பேர் பஸ் ஸ்டாண்டில் என் டப்பாவை நம்பித் தூங்குகிறார்கள் என்பதில் எனக்கு ஏகப் பெருமை. வீட்டில் என் பெண்டாட்டி கற்பகவல்லி, “ரிப்பேருக்கு வந்த டி.வி. மூணு வாரமாக் கெடக்கு, நீங்க சோப்பு டப்பாவைக் கட்டிக்கிட்டு அழுறீக” என்றாள். அவளுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தேன்.

பெருமை வந்தால் கை சும்மா இருக்காது. சோப்பு டப்பா பெரிசாக இருக்கிறது, பைக்குள் பாதி இடத்தை அடைக்கிறது என்று எனக்கு நானே குறை கண்டுபிடித்தேன். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று அப்போது கடைகளில் விற்கும், திறந்தால் கீச்சென்று பாடும். அதிலிருந்து பஸ்ஸரைக் கழற்றினேன். கைக்கடிகாரத்துக்குப் போடும் பட்டன் செல் இரண்டு. கிளிப்புக்குப் பதில் வளைத்த ஊக்கு. எல்லாம் சேர்ந்து கட்டை விரல் அளவுதான் வந்தது. அதை எதற்குள் வைப்பது என்று தேடியபோது குருவம்மாள் வெற்றிலை போடுகிறவள் என்பது ஞாபகம் வந்தது. கடையில் சுண்ணாம்பு டப்பா ஒன்று வாங்கி, கழுவித் துடைத்து அதற்குள் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இம்புட்டுச் சின்னதா இருந்தாத் தொலைஞ்சுரும்ல அண்ணாச்சி?”

“பகல்ல மடியில சொருகி வச்சுக்கோ. எங்க தொலையும்?” என்றேன்.

சொன்னது நான்தான். என் வாயால் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பேச்சு வந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம், பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி, பீடி, செல்போன், பேட்டரி எதுவும் போகக் கூடாது என்பது. கேட்டில் வாட்ச்மேன் பையைச் சோதித்து வெளியே இருக்கும் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். சோப்பு டப்பா இருந்தவரை அது பைக்குள் இருந்தது, பை கொட்டகையில் இருந்தது, ஒரு குழப்பமும் இல்லை. மடியில் இருக்கிற வெற்றிலைச் சுருக்குப்பையை மட்டும் பெண்கள் உள்ளே கொண்டுபோவார்கள். வாட்ச்மேன் ஆம்பிளை. பொம்பளையின் மடியைச் சோதிக்க மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். செய்து முடித்த பொருளின் அழகில் மயங்கி உட்கார்ந்திருந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை.

புரட்டாசி மாதம். தீபாவளிச் சீசன் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. லோடு ஏற்றும் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. அந்த வியாழக்கிழமை நடந்ததைக் குருவம்மாள் பாதி சொன்னாள், போர்மேன் மீதி சொன்னார். சேர்த்து எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். ரூமுக்குள் நாலு பேர் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பின்னி முடித்த சரம் குவியலாகக் கிடந்தது. குருவம்மாள் ஒரு வாய் வெற்றிலை போடலாம் என்று சுருக்குப்பையை எடுத்து, சுண்ணாம்பு டப்பாவின் மூடியைத் திருகினாள். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு இல்லை. சிவப்பு ஒயரும் பளபளவென்று பட்டன் செல்லும் இருந்தன. நிஜச் சுண்ணாம்பு டப்பா கொட்டகையில், பைக்குள் இருந்தது. தினமும் கேட்டுக்கு முன்னால் என் டப்பாவை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுவிடுகிறவள், அன்றைக்குக் காலை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள். மூடியோடு சேர்ந்து அட்டைத் துண்டும் பாதி உருவி வந்திருந்தது. இன்னும் ஒரு நெல் அளவு நகர்ந்தால் ஊக்கு போய் ஒட்டும். ஒட்டினால் பொறி வருமா, வராதா? கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் வரும். அந்த வெடிமருந்துத் தூசிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அவள் சத்தம் போடவில்லை. அட்டைத் துண்டைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த இசைவாணியிடம், “கொஞ்சம் காலை மடக்கு, போயிட்டு வாரேன்” என்று மட்டும் சொன்னாள். ஓடினால் மற்றவர்களும் எழுந்து ஓடுவார்கள். கால் பட்டுச் சரம் இழுபடும். அதனால் நடந்தாள். வெளியே வந்து, மணல் வாளிகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வெறுங்காலோடு கேட்டு வரைக்கும் அந்த இரண்டு விரலையும் தளர்த்தாமல் நடந்தாள். கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டையும் கடந்து, காலிக் காட்டில் நின்று வாட்ச்மேனிடம் சொன்னாள், “போர்மேனைக் கூப்பிடுங்க.”

சங்கையா வந்தார். அவளே டப்பாவைக் காட்டி, என்னவென்று சொன்னாள். மனுஷன் டப்பாவைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

“இதை வீட்டுல வச்சிட்டு வரவேண்டியதுதானே?”

“வீடு இல்லய்யா.”

“ரிஜிஸ்டர்ல அச்சங்குளம்னு எழுதியிருக்கு?”

“எழுதும்போது இருந்துச்சு.”

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு அவள் என் கடைக்கு வந்தாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்ததுமே கையில் இருந்த ரேடியோவைக் கீழே வைத்தேன். சுண்ணாம்பு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். செல் இரண்டையும் தனியாகக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், அதையும் அவிழ்த்து வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். என்மேல் ஒரு வார்த்தை குறை இல்லை.

“பெருசையே திருப்பிக் குடுங்க அண்ணாச்சி. இது வேண்டாம்.”

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் தப்பு, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: “செல்லைக் கழட்டித் தூரப் போட்டுட்டுப் பேசாம உள்ள போயிருக்கலாமே. போர்மேனுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“போயிருக்கலாம். அப்புறம் ராத்திரி படுத்தா, பையைத் தொட ஒருத்தரும் வர வேண்டாம் அண்ணாச்சி. அந்த நெனப்பே எழுப்பி விட்டுரும். நாளைக்கு வேறொருத்தி மடியில எதையாச்சும் சொருகிட்டு வந்தா?”

சோப்பு டப்பாவை எடுத்துத் தூசி துடைத்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். வேலை இல்லை, இனி வேன் இல்லை, கையில் தூங்குவதற்கு டப்பா மட்டும் இருந்தது. வேலைக்காகத்தான் தூக்கம் கேட்டாள். தூக்கத்தைக் கொடுத்த நானே வேலையைப் பறித்தேன். ராத்திரி வீட்டில் கற்பகவல்லியிடம் சொன்னேன். அவள், “போய்ச் சொல்லுங்க, உங்க தப்புன்னு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் கம்பெனிக்கு டவுன் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கம்பெனிக்கு வெளியே கொட்டகையில்தான் சங்கையா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், தலை முழுக்க நரை. நான்தான் அந்த டப்பாவைச் செய்தவன், மடியில் வைக்கச் சொன்னதும் நான்தான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வந்தது.

“உங்களைத் திட்டத்தான் வேணும். அப்புறமாத் திட்டுறேன்” என்றார். “டப்பாவுக்காக அவளை நிப்பாட்டலைங்க. அவளா வந்து சொல்லியிருக்கா. அதுக்கு ஒரு வாரம் நிறுத்தி வச்சு எடுத்துக்கிடலாம். இந்தச் சீசன்ல எனக்கு ஆள் வேணும். அதுலயும் அந்த மாதிரி ஆள் வேணும்.”

“அப்புறம் என்னங்க?”

அவர் பக்கத்தில் கிடந்த நீளமான ஆட்பதிவு ரிஜிஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

“நேத்துச் சாயங்காலம் வேன் டிரைவரை அவ விலாசத்துக்கு அனுப்புனேன். அங்கன வேலிக்கருவை முள்ளுதான் வளந்து கெடக்குன்னு வந்து சொன்னான். இதுல விலாசம்னு ஒரு கட்டம் எதுக்குப் போட்டிருக்குன்னு நெனைக்கீக? பொங்கல் வாழ்த்து அனுப்பவா? பதினெட்டு வருசத்துல ரெண்டு தடவை இந்த ரிஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கேன். கதவைத் தட்டிச் சொல்லணும்ல. அதுக்கு ஒரு கதவு வேணும்ல.” ரிஜிஸ்டரைத் தட்டிக் காட்டினார். “இந்தப் பொம்பளை நாலு வருசமா என் ரூமுல உக்காந்து பின்னியிருக்கா. ஏதாச்சும் ஆகியிருந்தா நான் எந்தக் கதவைப் போய்த் தட்டியிருப்பேன்? மல்லாங்கிணத்து அண்ணன் பேரை எழுதட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்ங்கறா.”

நான் அங்கிருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விரலை அமுக்கிக்கொண்டு நடந்துவந்த வழி தெரிந்தது. நான் நினைத்திருந்ததைவிட ரொம்பத் தூரம்.

“என் கடை விலாசத்தைப் போட்டுக்கோங்க” என்றேன்.

“நீங்க அவளுக்கு என்ன வேணும்?”

“அண்ணன்னு எழுதிக்கோங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நெற்றிப் பட்டையையும் பேச்சையும் தெருப் பெயரையும் வைத்துப் பார்த்தால் நான் குருவம்மாளுக்கு அண்ணன் என்பதை எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவரும் நம்பவில்லை. பேனாவை எடுத்து, வேலிக்கருவை வளர்ந்த விலாசத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே பொடி எழுத்தில் என் பெயர், கடைப் பெயர், சந்து, கடை போன் நம்பர் எல்லாம் எழுதி, ‘உறவு’ என்ற கட்டத்தில் அண்ணன் என்று போட்டு, ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போடும்போதுதான் எதற்குப் போடுகிறேன் என்பது எனக்கு முழுசாக உறைத்தது. பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு போட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் குருவம்மாள் வேலைக்குப் போனாள். கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணையே போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுத் தூணும் சோப்பு டப்பாவும் பழையபடி. அவளுக்கு நான் வீடு கட்டிக் கொடுத்துவிடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் வந்து படுத்துக்கொள் என்றும் கூப்பிடவில்லை. அண்ணன் என்று கையெழுத்துப் போட்டவன்தான்; அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு வரை அது என்னை உறுத்துகிறது.

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. கல்யாணத்துக்கு வெடி, சாவுக்கு வெடி, கோவில் கொடைக்கு வெடி, கட்சிக்காரர் வந்தால் வெடி. ஐம்பது வருஷமாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது அப்படிப் போவதில்லை. கம்பெனி இருக்கும் திசையில் ‘டம்’ என்று ஒன்று கேட்டால் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். கடைப் போனைப் பார்ப்பேன். டீக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, “ஏதோ கலியாண வீடு அண்ணாச்சி” என்று சொல்லும் வரைக்கும் கை எதிலும் ஓடாது. ராத்திரி படுத்தாலும், நாளைக்கு வெயில் அதிகமாமே, வெடிமருந்துக்குச் சூடு ஆகாதே என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கற்பகவல்லி புரண்டு படுத்து, விளக்கைப் போடட்டுமா என்பாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் வந்து நிற்கும். ஒவ்வொருத்தியாக இறங்குவார்கள். குருவம்மாள் பெரும்பாலும் கடைசியில்தான் இறங்குவாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் இறங்கி நேரே கடைக்கு வந்து, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏன் அண்ணாச்சி கண்ணு இம்புட்டுச் செவந்து கெடக்கு? நீங்க தூங்குறதே இல்லையா?”

வேலை ஜாஸ்தி என்று சொன்னேன்.